வாயில் எண் வரும்வரை

ஸ்பெயின் விமான நிலையத்து மதுக்கடையில் மெர்வின் மெக்கில் இரண்டாவது பீரை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். எதிர்ச்சுவர்ப் பலகையில் பெல்ஃபாஸ்ட் என்ற பெயருக்கு நேரே 1.05 என்று புறப்படும் நேரம் மட்டும் இருந்தது. வாயில் எண் இன்னும் வரவில்லை.

"இப்பவே உள்ள போயிடலாமே," என்றாள் லோர்னா.

"எங்க போறது? எந்த கேட்டுன்னே தெரியல. நம்பர் வரட்டும், எந்திரிக்கலாம். இந்த பீரைக் குடிச்சாத்தான் எனக்கு லீவு முடிஞ்ச மாதிரி."

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஊரில், பெல்ஃபாஸ்டிலிருந்து கிளம்பும்போது, பை சோதனையைத் தாண்டிவிட்டால் அப்புறம் தடை எதுவும் கிடையாது. எண் வந்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நடந்தால் விமானம். வாயிலில் ஒரு பெண் பாஸ்போர்ட்டை மேலோட்டமாகப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் ஊர்க்காரர்கள் ஸ்பெயின் கடற்கரையில் வந்து இறங்குகிறார்கள்; அதே பழக்கத்தோடுதான் ஊருக்குத் திரும்புகிறார்கள். இங்கே கடைகளுக்கும் வாயில்களுக்கும் நடுவில் போலீஸ் பாஸ்போர்ட் பார்க்கிறது என்பது பீர் குடிக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. முன்பு நினைவு வைத்துக்கொள்ள அவசியமும் இருக்கவில்லை. பிரிட்டன் ஐரோப்பாவோடு இருந்தவரை அதை நடந்தபடியே கடந்துவிடலாம்.

லோர்னா கைப்பையைத் திறந்து தொலைபேசியைப் பார்த்தாள். மகள் ரூத் காலையில் அனுப்பியது அப்படியே இருந்தது: 'பை கட்டிட்டேன். நாளைக்கு ஏழரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீ இருப்பல்ல?'

அறுவை சிகிச்சை அடுத்த வாரம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் இந்தப் பயணத்துக்கே கிளம்பினார்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவர் ஏதோ அளவு பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையே குழந்தையை எடுத்துவிடலாம் என்றார். மருமகன் ஆடம் ஸ்காட்லாந்துக் கடலில் காற்றாலைப் பணிக் கப்பலில் வேலையாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கரை சேர வழியில்லை. லோர்னாவின் விமானம் வியாழக்கிழமை. சரியாக இருக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள்.

ரூத்துக்கு முதல் குழந்தை தொற்றுக் காலத்தில் பிறந்தது. யாரையும் உள்ளே விடவில்லை. ரத்தம் நிற்காமல் போய், மயக்க மருந்து கொடுத்து, அவள் கண் விழித்தபோது முகமூடி போட்ட நான்கு பேரில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. லோர்னா அந்த நேரம் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்று மூன்றாவது மாடி ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எந்த ஜன்னல் என்று கடைசிவரை தெரியவில்லை. இந்த முறை ரூத் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, என் கையைப் பிடிச்சுக்க நீ இருக்கணும்."

பன்னிரண்டு ஐந்துக்கு எண் வந்தது. மெர்வின் கிளாசைக் காலி செய்து, வாயைத் துடைத்து, பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினான். வாசனைத் திரவியக் கடையைத் தாண்டி வளைந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

இடப்பக்கம், மற்ற நாட்டவர்களுக்கான வரிசையில், முந்நூறு பேராவது இருப்பார்கள். எட்டு போலீஸ் கூண்டுகளில் இரண்டில்தான் ஆள். புதிதாக வைத்த விரல் ரேகை இயந்திரம் ஒவ்வொரு கையையும் மூன்று தடவை கேட்டது. வலப்பக்கம், ஐரோப்பியர்களுக்கான வழியில், கண்ணாடிக் கதவுகள் ஆளில்லாமல் திறந்து திறந்து மூடின. எப்போதாவது ஒருவர் அரக்கு நிறப் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் அழுத்திவிட்டு, நடையைக் குறைக்காமல் போனார்.

"அட கடவுளே," என்றான் மெர்வின். "இது என்ன, ஆட்டு மந்தையா?"

"எத்தனை மணிக்கு கேட் மூடுவாங்க?"

"பன்னெண்டு முப்பத்தஞ்சு." அவன் வரிசையைக் கண்ணால் அளந்தான். லார்ன் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் வடம் கட்டியவன். தூரத்தையும் நேரத்தையும் கண்ணாலேயே அளக்கத் தெரியும். அளந்த பிறகு கைக்கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தான்.

லோர்னாவின் கைப்பைக்குள் ஒரு சிறிய உள்பை இருந்தது. அதன் ஜிப்பை அவள் இந்தப் பத்து நாளில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. அதற்குள் ஒரு அரக்கு நிறப் பாஸ்போர்ட் இருந்தது. அயர்லாந்துக் குடியரசின் பாஸ்போர்ட். அவளுடையது.

வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் பிரிட்டனுடையதையும் வைத்துக்கொள்ளலாம், அயர்லாந்துடையதையும் வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் வைத்துக்கொண்டாலும் சட்டம் கேட்காது. ஆட்கள்தான் கேட்பார்கள். லோர்னா பிப்ரவரியில் விண்ணப்பித்தாள். வீட்டுக் கணினியில் போட்டால் மெர்வின் பார்ப்பான் என்று தாளில் எழுதினாள். அந்தத் தாளை லார்ன் அஞ்சலகத்தில் வாங்கவில்லை, அங்கே கூண்டில் உட்காரும் ஐவி அவர்கள் தேவாலயத்துக்காரி. இருபது மைல் பஸ்ஸில் போய் பாலிமினாவில் வாங்கினாள். சாட்சிக் கையெழுத்தை, அவள் வரவேற்பில் வேலை பார்க்கும் மருத்துவமனையின் டாக்டர் மக்காலி போட்டார். 'இந்த மாசம் நீங்க ஆறாவது ஆள், லோர்னா,' என்று மெல்லிய குரலில் சொன்னார். பாஸ்போர்ட் ரூத் வீட்டு முகவரிக்கு வந்தது.

பிரிட்டனோடு இருப்பதையே விசுவாசமாகக் கருதும் புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு சங்கத்தில் மெர்வின் ஊர்க்கிளைச் செயலாளர். ஜூலை பன்னிரண்டு ஊர்வலத்தில் பெரிய டிரம் அவனுடையது. அதெல்லாம்கூட லோர்னாவுக்குப் பெரிதில்லை; அவள் அப்பாவும் சங்கத்துக்காரர்தான். டெரெக் கெர்னஹன் விஷயம்தான் அவள் நெஞ்சில் நின்றது. டெரெக்கும் மெர்வினும் ஒரே வகுப்பு, ஒரே துறைமுகம், ஒரே வாத்தியக்குழு. இரண்டு வருடத்துக்கு முன்னால் டெரெக் அயர்லாந்துப் பாஸ்போர்ட் எடுத்தது தெரிய வந்தது. மெர்வின் கத்தவில்லை, சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். கடையில் எதிரே வந்தால் ரொட்டி அடுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஐம்பது வருட சிநேகம் அப்படியே நின்றுபோனது. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அந்த மௌனம் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று லோர்னா பயந்தாள்.

பன்னிரண்டு இருபது. வரிசை ஒரு முழம் நகர்ந்தது. அவர்கள் விமானத்தில் போகவிருந்த ஒருத்தி, அயர்லாந்துக் குடியரசின் பச்சைக் கால்பந்துச் சட்டை போட்டவள், வலப்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாகப் போனாள்.

"போறா பாரு மகாராணி," என்றான் மெர்வின்.

லோர்னா உள்ஜிப்பின் நுனியைப் பிடித்தாள். இழுக்கவில்லை. இப்போது எடுத்தால், இவன் முன்னால், இத்தனை பேர் முன்னால், இவனை இங்கேயே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போக வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம். வரிசை வேகமாக நகர்ந்தாலும் நகரும்.

மெர்வின் முன்னால் நின்ற குடும்பத்தைத் தோளில் தட்டினான். "தம்பி, எங்களுக்கு ஒண்ணு அஞ்சுக்கு பிளேனு. கொஞ்சம் வழி விடுவீங்களா?"

"எங்களுக்கு ஒண்ணு பத்து, பெருசு," என்றான் அந்த இங்கிலாந்துக்காரன். "முன்னாடி நிக்கிறவங்களுக்கு பன்னெண்டு ஐம்பது. அவங்க அழுவுறாங்க, பாருங்க."

பன்னிரண்டு முப்பது. லோர்னா ஜிப்பைப் பாதி திறந்தாள். விரலில் அட்டை பட்டது. அந்த நேரம் மெர்வின் திரும்பி, "கவலைப்படாத. இத்தனை பேரை விட்டுட்டுப் போயிடுவானா? நிப்பான்," என்றான். அவன் முகம் வியர்த்திருந்தது. அவள் ஜிப்பை மூடினாள்.

விமானம் நிற்கவில்லை. மலிவு விலை விமானங்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. அவை மலிவாக இருப்பதே அதனால்தான். பன்னிரண்டு நாற்பத்தேழுக்கு முத்திரை வாங்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். லோர்னா ஓடி இருபது வருடம் இருக்கும். வாயிலில் ஒரு இளம்பெண் நாடாவைக் கட்டிவிட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே விமானம் தெரிந்தது. ஜன்னலோரத்தில் பச்சைச் சட்டை தெரிந்தது.

"அந்தா நிக்குதேம்மா! படிக்கட்டு இன்னும் எடுக்கல!" என்றான் மெர்வின்.

"கேட் மூடியாச்சு, சார்."

"நீதானே மூடின? நீயே திற."

"என்னால முடியாது, சார். மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு மட்டும் பதினொரு பேர் இப்படி." அவள் நிஜமாகவே வருந்தினாள் என்பதால் அவனால் கோபப்படக்கூட முடியவில்லை.

படிக்கட்டு விலகியது. விமானம் பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, போயிற்று.

லோர்னா ரூத்தைக் கூப்பிட்டாள். விமானம் போய்விட்டதைச் சொன்னாள்.

"சரிம்மா," என்றாள் ரூத். "பரவாயில்ல. நர்ஸுங்க நல்லவங்கதான்." அந்தக் குரல் லோர்னாவுக்குத் தெரியும். சிறுவயதில் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரும்போது இதே குரலில்தான் 'நீ போ' என்பாள்.

ஒரு போலீஸ்காரர் வந்து, தவறவிட்ட எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் புறப்பாட்டு முத்திரையின் மேல் இன்னொரு முத்திரை குத்தி அதை ரத்து செய்தார். பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள். விமானக் கம்பெனியின் மேசையில் இருந்தவன், பெல்ஃபாஸ்டுக்கு அடுத்தது சனிக்கிழமை என்றான்.

"டப்ளினுக்கு இருக்கு," என்றான் அவன். "இன்னிக்கே. நாலு பத்து. ரெண்டு சீட் இருக்கு, பக்கத்துல பக்கத்துல இல்ல."

டப்ளின் அயர்லாந்துக் குடியரசின் தலைநகரம்; அங்கிருந்து பெல்ஃபாஸ்டுக்கு பஸ் உண்டு. இரவு பத்துக்குள் ரூத் வீட்டுக்குப் போய்விடலாம். லோர்னா விலை கேட்கவில்லை. மெர்வின் கார்டை எடுத்து மேசையில் வைத்தான்.

இரண்டாவது முறையாகப் பை சோதனையைத் தாண்டியபோது மணி இரண்டரை. இந்தத் தடவை மெர்வின் மதுக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நடந்தான். வரிசை வாசனைத் திரவியக் கடைக்குள்ளேயே வந்து நின்றது. மான்செஸ்டர், பிரிஸ்டல், கிளாஸ்கோ, மூன்றும் ஒரே நேரத்தில். வாலில் நின்ற பெண்மணி, "ஒன்றரை மணி நேரமாம்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். டப்ளின் வாயில் மூன்று நாற்பதுக்கு மூடும்.

"மெர்வின், இப்படி வா," என்றாள் லோர்னா.

கடை ஓரமாக இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவள் பெட்டியைப் படுக்கவைத்து, உள்ஜிப்பைத் திறந்து, அரக்கு நிறப் பாஸ்போர்ட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். ஜன்னல் வெயிலில் அட்டையிலிருந்த அயர்லாந்தின் யாழ்ச் சின்னம் பளபளத்தது.

மெர்வின் அதைத் தொடவில்லை.

"யாருது?"

"என்னுது. பிப்ரவரியில எடுத்தேன்."

"சாட்சி?"

"டாக்டர் மக்காலி."

"அவருமா." கொஞ்சம் பொறுத்து, "ரூத்துக்குத் தெரியுமா?"

"ரூத்கிட்டயும் ஒண்ணு இருக்கு. பேரனுக்கும்."

"அப்ப வீட்ல நான் ஒருத்தன்தான்," என்றான். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறவன் போலச் சொன்னான். பிறகு அவன் தலை மெதுவாக நிமிர்ந்தது. "முன்னாடி அந்த வரிசையில நின்னமே. அப்ப இது எங்க இருந்துச்சு?"

"பையில."

"உன் கையில இருந்த பையிலயா?"

"ஆமா."

"முப்பத்தஞ்சு நிமிஷம்! ஏன் எடுக்கல?"

"உன் மூஞ்சிக்காகத்தான்."

"என் மூஞ்சியா?" அவன் குரல் உயர்ந்ததில் கடைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அங்க என் பொண்ணு படுக்கப் போறா, வயித்தைக் கிழிக்கப் போறாங்க, நீ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னியா? என்னை விட்டுட்டுப் போயிருக்க வேண்டியதுதானே! நான் என்ன பச்சைக் குழந்தையா, தொலைஞ்சு போறதுக்கு?"

லோர்னா பத்து மாதமாக எத்தனையோ விதமாக இந்தக் காட்சியை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இந்த விதமாக நினைத்ததில்லை. அவன் திட்டுவது நியாயம் என்று பட்டது. ஆனால் முழு நியாயம் இல்லை என்றும் பட்டது.

"டெரெக்கோட ரெண்டு வருஷமா பேசல நீ," என்றாள்.

"அது வேற."

"எப்படி வேற? அவன் பொண்டாட்டி சாவுக்குக்கூட நீ வாசல்ல நின்னுட்டு வந்துட்ட. உள்ள போகல. நான்தான் போனேன். டீயை வெச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தான், நீ வருவன்னு. அதைப் பாத்துட்டு வந்துதான் இதை இன்னும் உள்ள தள்ளி வெச்சேன்."

மெர்வின் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வடம் இழுத்துத் தடித்த கைகள். ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பிரிஸ்டல் பயணியைப் பெயர் சொல்லி இரண்டு தடவை அழைத்தார்கள்.

"மணி ரெண்டே முக்கால்," என்றான் எழுந்து. "நீ அந்தப் பக்கம் போ. நான் இதுல நிக்கிறேன். வர முடிஞ்சா வரேன். இல்லன்னா சனிக்கிழமை. ரூத்கிட்ட சொல்லு..." என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தான். "அப்பா பீர் குடிச்சுட்டு இருந்தாருன்னு சொல்லு. நிஜம் அதானே."

பெட்டியை இழுத்துக்கொண்டு போய் வரிசையின் வாலில் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

லோர்னா வலப்பக்கம் நடந்தாள். கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். லோர்னாவின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "தனியாவா போறீங்க?" என்று கேட்டாள்.

"புருஷன் அந்த வரிசையில நிக்கிறாரு. அவருது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்."

"ஒண்ணாத்தானே பயணம்?"

"ஆமா. டப்ளின்."

"அப்ப ஏன் அங்க நிக்கிறாரு? நீங்க அயர்லாந்து, அவர் உங்க குடும்பம். அந்த ஓரத்துக் கூண்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாமே."

"இது எப்ப வந்த சட்டம்?"

"எப்ப வந்ததா? எப்பவும் அப்படித்தான், அம்மா," என்றாள் அந்தப் பெண்.

லோர்னா கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்துக்கே ஜிப்பைத் திறந்திருந்தால் இருவருமே இந்நேரம் கடலுக்கு மேல் பறந்துகொண்டிருப்பார்கள். அந்தச் சின்னப் புத்தகம் தன்னை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடும் என்று நினைத்துத்தானே அதைத் திறக்காமல் வைத்திருந்தாள். அதைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. ஒளித்து வைத்த பொருளைப் பற்றி யாரிடம் போய் விவரம் கேட்பது?

வரிசைத் தடுப்பு நாடா ஓரமாகப் போய், "மெர்வின்!" என்று கூப்பிட்டாள்.

வரிசையில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

"என்கூட வரலாமாம். ரெண்டு பேரும் சேர்ந்து. என் புருஷன்னா விடுவாங்களாம்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற கிளாஸ்கோக்காரன் கையில், பிரிட்டன் விசுவாசிகள் கொண்டாடும் நீலக் கால்பந்துக் குழுவின் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தான். மெர்வினும் அதே குழுவின் ரசிகன்தான். அவன் மெர்வினைப் பார்த்தான், லோர்னாவின் கையிலிருந்த அரக்கு நிறத்தைப் பார்த்தான்.

"என்னண்ணே, யோசனை?" என்றான். "எனக்கு இப்படி ஒருத்தி இருந்தா பத்து நிமிஷம் முந்தியே ஓடியிருப்பேன். என் பொண்டாட்டி பக்கத்து ஊர் பெய்ஸ்லி. அவளை வெச்சு பெய்ஸ்லிக்குத்தான் போகலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெர்வின் சிரிக்கவில்லை. ஆனால் குனிந்தான். நாடாவுக்கு அடியில் நுழைய அறுபத்து நான்கு வயது முதுகு லேசில் சம்மதிக்கவில்லை. ஒரு கையை நீட்டினான், லோர்னா பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஓரத்துக் கூண்டில் இருந்த அதிகாரி இளைஞர். இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி, அரக்கையும் கருநீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். லோர்னாவைப் பார்த்தார். பிறகு மெர்வினைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

மெர்வின் தொண்டையைச் செருமினான். சங்கக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதற்கு முன்னால் செருமுவது போல.

"இவங்களோட வந்திருக்கேன்," என்றான். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "இவங்க வீட்டுக்காரன்," என்று சேர்த்துக்கொண்டான்.

முத்திரை விழுந்தது. மொத்தம் நான்கு நிமிடம்.

டப்ளின் வாயிலில் உட்கார இடம் கிடைத்தது. லோர்னா ரூத்துக்கு 'வர்றோம்' என்று அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'ரெண்டு பேருமா? அப்பா டப்ளின் பிளேன்லயா??' அவள் அதை மெர்வினிடம் காட்டினாள். அவன் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"ஊர்ல யாராவது கேட்டா பெல்ஃபாஸ்ட் வழியா வந்தோம்னு சொல்லிடுவோம்," என்றான்.

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா டப்ளின்னுதான் சொல்லுவேன்."

அவன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எந்த வகை என்று லோர்னாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரொட்டி அடுக்கைப் பார்க்கும் மௌனமா, வேறு ஏதாவதா. தெரிந்துகொள்ள நாளாகும் என்று நினைத்தாள். நாளைக்கு அதற்கு நேரம் இருக்காது. ஏழரைக்கு அவளுக்கு வேறு வேலை இருந்தது.

வாயிலில் வரிசை எழுந்தபோது மெர்வின் கையை நீட்டினான். "அதைக் கொஞ்சம் குடு."

கொடுத்தாள். அவன் புகைப்படம் இருந்த பக்கத்தைத் திறந்து, தூரத்தில் வைத்துப் பார்த்தான், கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"சிரிக்கவே இல்ல நீ."

"சிரிக்கக் கூடாதாம்."

"அங்கயுமா?" என்றான் மெர்வின். புத்தகத்தை மூடி, அவளிடம் கொடுக்காமல், தன்னுடையதோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தான்.